பதினெட்டு மாதம், இரண்டு பெற்றரி, ஒரு சைப்ரஸ் வேலி

கெஸ்ட் ஹவுஸ் மிஸ் அன்று கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. காலை ஏழேகாலுக்கு வேலி வெட்டுகிற பெற்றோல் மெஷினின் கயிற்றை நாலாவது தடவையாக இழுத்துக்கொண்டிருந்தேன். சுவெட்டருக்கு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவர், "தம்பி, மேல் ரூமில் ஆட்கள் தூங்குறாங்க. பத்து மணிக்குப் பிறகு வெட்ட ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். ஏலாது. நுவரெலியாவில் பத்து மணிக்கு வேலை தொடங்கினால், கால்வாசி வேலி முடிவதற்குள் பிதுருதலாகலை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்துவிடும். அன்று அவரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, பத்து மணி வரை கையால் புல் பிடுங்கினேன். பெற்றரி மெஷின் வாங்கிய கதை அங்கேதான் தொடங்குகிறது.

நான் தோட்ட வேலை கொந்தரப்பு எடுப்பவன். இங்கே தோட்டம் என்றால் தேயிலைதான் ஞாபகம் வரும். எங்கள் அப்பா அதில்தான் கவ்வாத்து வெட்டினார். எனக்குக் கிடைத்திருப்பது பங்களா வேலிகளும் கெஸ்ட் ஹவுஸ் புல்தரைகளும். கூட வருவது அக்கா மகன். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் ஊரில் ஒரு வேலிகூடத் தலை கலைந்து நிற்கக் கூடாது. மார்ச் மாதம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெற்றரி மெஷின் வாங்கப்போகும் முக்கால்வாசிப் பேர் அதே குழியில்தான் விழுவார்கள். சந்தைப் பக்கம் ஒரு கடையில் மலிவாக ஒரு ட்ரிம்மர் இருந்தது. பெற்றரியின் மேல் பெரிய எழுத்தில் 88 வீஎஃப் என்று போட்டிருந்தது. கடைக்காரர், "அண்ணே, மற்றதெல்லாம் 18, இது 88. யோசிக்கவே வேணாம்" என்றார். நானும் யோசிக்கவில்லை. மூன்றாவது மாதம் பெற்றரி செத்தது. மருமகன் அதைத் திறந்து பார்த்தான். உள்ளே ஐந்தே ஐந்து செல். மிச்ச இடம் வெறும் பிளாஸ்டிக். லித்தியம் செல் ஒன்று முழுதாக ஏறியிருந்தாலும் 4.2 வோல்ட்தான். ஐந்தால் பெருக்கினால் 21. அந்த 88 என்ன கணக்கு என்று கடைக்காரரிடம் கேட்கப் போனேன். "அது மொடல் நம்பர் அண்ணே" என்றார். எழுத்தைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான். வோல்ட்டையும் அம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 5 அம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, அவ்வளவுதான் உள்ளே இருக்கும் சக்தி. அந்தக் கணக்கில்தான் வேலை நடக்கும், ஸ்டிக்கரில் இல்லை.

இரண்டாவது தடவை கண்டிக்குப் போனேன். 2024 ஆகஸ்ட். 18 வோல்ட் மெஷின், 52 சென்டிமீற்றர் நீளக் கத்தி, 5 அம்பியர்-மணி பெற்றரி இரண்டு, வேகமாக ஏற்றும் சார்ஜர். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. இந்த அளவில் நல்ல கம்பெனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். விலையில் ஒரு விஷயம் மட்டும் மண்டையில் அடித்தது. இரண்டு பெற்றரியும் சார்ஜரும் சேர்ந்து மெஷினின் விலையைத் தாண்டிவிட்டன. கடையில் தொங்கும் விலை வெறும் மெஷினுக்கானது. அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொண்டுபோனால் பஸ் காசுதான் நஷ்டம்.

என் பழைய பெற்றோல் மெஷின் 22 சீசீ, டூ-ஸ்ட்ரோக். டேங்க் நிரப்பினால் ஐந்தரைக் கிலோ. புது மெஷின் பெற்றரியோடு மூன்றரைக் கிலோ. இரண்டு கிலோ என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், ஏழடி சைப்ரஸ் வேலியின் தலையை மட்டம் பண்ண ஏணியில் நின்று கையை நீட்டிப் பார்க்கட்டும். கொழுந்து எடுக்கிறவர்களின் மட்டக்கம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வேலியின் மேல் போட்டுவிட்டு வெட்டுவேன். பெற்றோல் மெஷினில் பத்து மணிக்குப் பிறகு கை இறங்கும். வேலியும் கூடவே இறங்கும். டீச்சர் வீட்டு வேலி ஒரு வருஷம் முழுக்க ஒரு பக்கம் சரிந்து நின்றதற்கு என் தோள்பட்டைதான் காரணம் என்று இப்போது சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அதிர்வு. பெற்றோல் மெஷினை மூன்று மணி நேரம் பிடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினால், வலது கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை வெள்ளையாகியிருக்கும். மெழுகுவர்த்தி நிறம். கிள்ளினால் தெரியாது. பிளேன்டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் சிவந்து, குத்திக் குத்தி வலிக்கும். குளிர் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மெஷின் பிடிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அதிர்வு விரலின் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்குமாம். குளிர் அதை இன்னும் கூட்டுமாம். நமக்கு இரண்டுக்கும் குறைவில்லை. புது மெஷினிலும் அதிர்வு இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடந்த குளிரில் விரல் வெளுத்தது மூன்றோ நாலோ தடவைதான்.

அப்புறம் இந்த உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். இங்கே காற்று கரையோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டவாக ஐதானது. கொழும்பில் செட் பண்ணி விற்கிற காபரேட்டர் அதே அளவு பெற்றோலைத்தான் விடும், காற்று மட்டும் குறைவாகப் போகும். ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், இழுவை குறையும், புகை கூடும். என் பழைய மெஷினின் பிளக்கை மாதம் இரண்டு தடவை கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். மோட்டருக்கு மூச்சு வேண்டியதில்லை. மேலே நானுஓயாவில் வெட்டினாலும் கீழே நாவலப்பிட்டியில் வெட்டினாலும் ஒரே வேகம்.

எவ்வளவு நேரம் ஓடும்? எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். டுராண்டா வேலி, மூன்று வாரத் துளிர் என்றால் ஒரு பெற்றரிக்கு 50 நிமிடம். டீச்சர் வீட்டில் தேயிலைச் செடியையே வேலியாக வளர்த்திருக்கிறார்கள். அதன் இளந்துளிரில் கத்தி வெண்ணெயில் போவது போல் போகும், ஒரு மணி நேரம் கிட்டவாக வரும். ஆறு மாதம் விட்ட சைப்ரஸ் என்றால் 25 நிமிடம், அவ்வளவுதான். சைப்ரஸின் பிசின் கத்தியில் ஒட்டி இழுவையைக் கூட்டும். பெற்றரி அதற்குத்தான் செலவாகிறது. மத்தியானம் ஒரு தடவை மண்ணெண்ணெய் துணியால் துடைத்து இரண்டு சொட்டு ஒயில் விட்டால் ஐந்தாறு நிமிடம் கூடக் கிடைக்கும். சார்ஜ் ஏற 45 நிமிடம். ஒன்று வெட்டும்போது ஒன்று ஏறும். வாடிக்கையாளர் வீட்டில் பிளக் பொயின்ட் கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு யூனிட் கரண்டில் எட்டு ஒன்பது தடவை ஏற்றலாம் என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பெற்றோல் மெஷின் நாளுக்கு ஒன்றரை லீற்றர் குடித்தது. 2025இல் லீற்றர் முந்நூறு ரூபாயை ஒட்டி நின்றது. அதில் 25க்கு 1 என்று டூ-டீ ஒயில் வேறு கலக்க வேண்டும்.

பெருவிரல் தடிப்புக்கு மேல் போன கிளையை இதனால் வெட்ட முடியாது. கத்தி கவ்விக்கொண்டு நின்றுவிடும், மோட்டர் தானாகவே அணைந்துவிடும். பெற்றோல் மெஷின் அந்தக் கிளையை வெட்டாது, கிழிக்கும். ஆனால் எப்படியோ போய்விடும். இப்போது அதற்குக் கைவாள் வைத்திருக்கிறேன். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. "மாமா, மெஷின் வாங்கிட்டு வாளால அறுக்கிறோம்" என்கிறான். வெட்டுக்காயத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிகிறது, வாளால் அறுத்த இடத்தில் கிளை கருகுவதில்லை.

அவன் விஷயத்தில் ஒரு நாள் நெஞ்சு நின்றுவிட்டது. கத்தியில் ஒரு குச்சி மாட்டியிருந்தது. மெஷினை இடது கையில் பிடித்தபடி வலது கையால் அதைப் பிடுங்கப் போனான். பெற்றோல் மெஷின் என்றால் உறுமிக்கொண்டே இருக்கும், பயம் இருக்கும். இது பூனை மாதிரி சும்மா கிடக்கும். இரண்டு கைப்பிடியையும் அழுத்தினால்தான் ஓடும் என்பது உண்மைதான். ஆனாலும் பெற்றரியைக் கழற்றாமல் கத்தியில் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்குச் சத்தியம் வாங்கினேன்.

குளிரையும் சொல்ல வேண்டும். போன வருஷம் ஜனவரியில் ஒரு நாள் பெற்றரியை த்ரீவீலிலேயே மறந்துவிட்டேன். காலையில் கண்ணாடி முழுக்கப் பூம்பனி, புல் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மெஷின் மந்தமாக ஓடிப் பத்தே நிமிடத்தில் நின்றது. சார்ஜரில் போட்டால் லைட் மின்னுகிறதே தவிர ஏறவில்லை. உறைகிற குளிரில் லித்தியம் பெற்றரியை ஏற்றக் கூடாது, ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து கெட்டுவிடும். நல்ல சார்ஜர் அதனால்தான் மறுக்கிறது. அன்றிலிருந்து பெற்றரிகள் இரவில் உடுப்பு அலுமாரிக்குள். "பெற்றரிக்குக் கம்பளி போர்த்தாத குறைதான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். மழைக்கு மட்டும் தீர்வு இல்லை. மழையில் ஓட்டக் கூடாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது. மிஸ்ட் இறங்கினால் பெற்றரியைக் கழற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். ஜூன், ஜூலையில் அரை நாள் சம்பளம் அந்த டப்பாவில்தான் கிடக்கும்.

பெற்றோல் மெஷினை விற்றேனா என்று கேட்பீர்கள். விற்கவில்லை. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, போத்தலோடு பெற்றோல் செட்டுக்குப் போனால் விரட்டினார்கள். கியூஆர் பங்கீடு வந்த பிறகு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதில் மெஷினுக்கு எங்கே விடுவது? அப்போது இந்தப் பெற்றரி இருந்திருந்தால் என்று நினைத்ததுண்டு. பிறகுதான் ஞாபகம் வந்தது, அதே வருஷம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு நாடு முழுக்க இருண்டது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் பக்கம் மண்சரிவு, பாதை இல்லை, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டு முடுக்கில் விழுந்த மரத்தை அறுக்க இரவல் வாங்கிய பெற்றோல் வாள்தான் உதவியது. பெற்றரி மெஷின் அலுமாரிக்குள் உடுப்போடு உடுப்பாகக் கிடந்தது.

அதனால் பழைய மெஷின் சாக்குக்கு அடியில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன். டேங்கில் பெற்றோலை விட்டு வைப்பதில்லை, காபரேட்டர் பிசுபிசுத்துவிடும். வருஷக்கணக்காக விட்ட வேலி, கரண்ட் இல்லாத எஸ்டேட் பங்களா, இந்த இரண்டுக்கும் அதுதான் போகிறது. மற்ற வேலை எல்லாம் புதுசுக்கு.

போன மே மாதம் கெஸ்ட் ஹவுஸ் பின்பக்க வேலியை வெட்டிக்கொண்டு போனபோது உள்ளே ஏதோ கீச்சிட்டது. விசையை விட்டேன். மெஷின் அந்த நொடியே அடங்கிவிட்டது. கிளையை விலக்கிப் பார்த்தால், கத்தி நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கொண்டைக்குருவிக் கூடு. மூன்று குஞ்சு, வாயைப் பிளந்துகொண்டு. பெற்றோல் மெஷினோடு பத்து வருஷம் வேலி வெட்டியிருக்கிறேன். அத்தனை வருஷத்தில் எத்தனை கூட்டைத் தாண்டிப் போயிருப்பேனோ. அந்த இடத்தில் மூன்றடி வெட்டாமல் விட்டோம். மிஸ் வந்து, "தம்பி, அங்கே மட்டும் ஏன் குடுமி மாதிரி நிற்குது?" என்று கேட்டார். காட்டினேன். இரண்டு கிழமைக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடக்கூட யாரையும் விடவில்லை அவர்.

பதினெட்டு மாதத்தில் ஒரு பெற்றரி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 50 நிமிடம் ஓடியது இப்போது 40. த்ரீவீலில் மறந்துபோனது இதுவா மற்றதா என்று அப்போது குறித்து வைக்கவில்லை. இப்போது இரண்டின் முதுகிலும் நெயில் பொலிஷால் 1, 2 என்று போட்டிருக்கிறேன். மார்ச்சுக்கு முன் மூன்றாவது ஒன்று வாங்க வேண்டும், காசு சேர்ந்தால் அதே பெற்றரி போடுகிற நீளக் கம்பு வைத்த ட்ரிம்மரும். ஏணியில் ஏறுவது இனி மருமகன் என்று நான் சொல்கிறேன், அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.