அயர்லாந்தில் இரவு தங்க: விருந்தினர் இல்லமா, செயலி வழி வீடா?

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளும் 'வைல்டு அட்லாண்டிக் வே' சாலையில் பயணம் செய்பவருக்கு இரவு தங்க இரண்டு வழிகள் உண்டு: ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே அறையும் காலை உணவும் தரும் 'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்', அல்லது ஏர்பிஎன்பி போன்ற செயலியில் முன்பதிவு செய்யும் தனி வீடு.

முதலாவதில் வீட்டுக்காரரே கதவைத் திறந்து வரவேற்கிறார். காலையில் பன்றியிறைச்சி வறுவல், சாசேஜ், முட்டை, இரத்தம் சேர்த்துச் செய்த கறுப்புப் புட்டிங், சோடா ரொட்டி, சூடான தேநீர் என மேசை நிறைந்துவிடும். மோஹர் என்ற கடலோரச் செங்குத்துப் பாறைமுகட்டில் பனிமூட்டம் விலகியபின் போங்கள் என்று பரிமாறிக்கொண்டே அவர் சொல்லும் யோசனையோ அன்றைய நாளையே காப்பாற்றிவிடும். இரண்டாவதில் கதவருகே எண்பூட்டுப் பெட்டியில் சாவி இருக்கும். சமையலறையும் தனிமையும் கிடைப்பதால் குழந்தைகளோடு ஒரு வாரம் தங்குவோருக்கு அதுவே வசதி. ஓரிரு இரவுக்கென்றால் நான் தயங்காமல் முதலாவதையே பரிந்துரைப்பேன்.

2008-இல் தொடங்கிய ஏர்பிஎன்பியின் பெயரிலேயே காலை உணவு இருக்கிறது: 'பிஎன்பி' என்பது 'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்' என்பதன் சுருக்கம். அதன் பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. ஆனாலும் பழைய விருந்தினர் இல்லங்கள் மூடப்படுவதற்குச் செயலி மட்டுமே காரணமன்று: நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது, விடியுமுன் அடுப்பு மூட்டி, நாள்தோறும் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் உழைப்பை ஏற்கப் பிள்ளைகள் பலர் முன்வருவதில்லை. குடும்பம் வாழும் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதால் ஊராரின் குடியிருப்பு குறைவதில்லை. ஆனால் வீடுகள் முழுதாகவே பயணிகளுக்குப் போனபோது, வாடகை நெருக்கடி மிகுந்த பகுதிகளில் 2019 முதல் அரசு கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.