இரட்டை முதல் பேஸ்: ஒரு சீசன் அம்பயராக நின்று பார்த்ததில்

டெக்சாஸில் எங்கள் ஊர் லீகில் 10 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பாலுக்கு (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) நான் சனிக்கிழமைதோறும் அம்பயராக நிற்கிறேன். என் மகள் ஆட ஆரம்பித்தபோது ஆள் இல்லை என்று கேட்டார்கள், சரி என்றேன். இது மூன்றாவது வருஷம். போன சீசனுக்கு முன்னால், முதல் பேஸுக்காக, அதாவது பந்தை அடித்தவள் முதலில் ஓடிச் சேர வேண்டிய திண்டுக்காக, பாதி வெள்ளையும் பாதி ஆரஞ்சுமாக இருக்கும் இரட்டை பேஸ் ஒன்றை 180 டாலருக்கு வாங்கினோம்.

வாங்க வைத்தது ஒரு குழந்தையின் கணுக்கால். ஒற்றை பேஸ் 15 அங்குலச் சதுரம். அடித்தவள் வந்து மிதிப்பதற்குள் எதிரணிப் பிள்ளை பந்தைப் பிடித்து பேஸை மிதித்திருந்தால், அடித்தவள் அவுட். பந்துக்காகக் கையை நீட்டி நிற்கிறவளும் 60 அடி ஓடி வருகிறவளும் அதிலேயே மிதித்தாக வேண்டும். அப்படி மிதிபட்ட பிள்ளை மூன்று வாரம் காலில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அம்பயராக நிற்க எனக்கு மனசே வரவில்லை.

இரட்டை பேஸில் ஃபவுல் கோட்டுக்கு (ஆடுகளத்தின் பக்க எல்லைக்கோடு) உள்ளே வெள்ளை, வெளியே ஆரஞ்சு. பந்தைப் பிடிக்கிறவளுக்கு வெள்ளை, ஓடி வருகிறவளுக்கு ஆரஞ்சு. முதல் பேஸில் தீர்ப்புச் சொல்வதில் பாதி காதுக்குத்தான் வேலை. கண் காலைப் பார்க்கும், காது கையுறையில் பந்து விழும் சத்தத்துக்குக் காத்திருக்கும். எங்கள் ஆட்டங்களுக்கு ஒரே அம்பயர்தான். பந்தை அடிக்கிறவள் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து பார்ப்பதற்குள் இரண்டு கால்களும் பின்னிக் கிடந்தால் எது முந்தியது என்று எப்படிச் சொல்வது? இப்போது ஆரஞ்சை மட்டும் பார்த்தால் போதும். அந்த சீசன் முழுக்க முதல் பேஸில் ஒரு மோதல்கூட இல்லை.

ஆனால் பேஸை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, விதியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் வாரமே ஒரு பிள்ளை பழக்கத்தில் வெள்ளையை மட்டும் மிதித்துத் தாண்டி ஓடினாள். நாங்கள் பின்பற்றும் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிப்படி, அங்கே பந்து வரும்போது அப்படிச் செய்தால், அவள் பேஸுக்குத் திரும்புவதற்குள் எதிரணி முறையிட வேண்டும், முறையிட்டால் அவுட். கோச் முறையிட்டார், நான் அவுட் கொடுத்தேன். பிள்ளை அழுதுவிட்டாள். விதி தெரியாத பெற்றோர்கள் கோபப்பட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் இரண்டு அணிகளையும் அந்த பேஸுக்கே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். பந்து ஃபவுல் பக்கத்திலிருந்து, அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து, வந்தால் இரண்டு பேருமே எந்த நிறத்தையும் மிதிக்கலாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவேன். தாண்டி ஓடிய பிறகு திரும்பி வந்து நிற்க வேண்டியது வெள்ளையில்தான்.

பொருளைப் பற்றி: இரும்புத் தண்டு தரையில் புதைத்த குழாய்க்குள் இறங்கும் வகையையே வாங்குங்கள். முதலில் விலை குறைவு என்று வெறுமனே தரையில் போடும் ரப்பர் விரிப்பைத்தான் வாங்கினோம். இரண்டே ஆட்டம், பிள்ளைகள் மிதிக்க மிதிக்க நகர்ந்துகொண்டே இருந்தது. தண்டு வைத்தது அசையவில்லை. ஆனால் எங்களுடையதில் தண்டு வெள்ளைப் பாதிக்கு மட்டும்தான், அதனால் ஆரஞ்சு ஓரம் லேசாகத் தூக்குகிறது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் நடுவில் மண்ணை அணைத்து மிதித்துவிட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் நிறமும் மங்கிவிட்டது, செம்மண் படிந்தால் தூரத்திலிருந்து தெரிவதில்லை. ஒரு தூரிகை எப்போதும் என் பையில் இருக்கிறது. ஆட்டம் முடிந்து பேஸைக் கழற்றியதும் குழாய் வாயை மூட ரப்பர் அடைப்பானும் தனியாக வாங்கினோம், இல்லாவிட்டால் ஒரே மழையில் மண் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது மைதானத்துக்கும் இதையே கேட்டிருக்கிறேன், இந்த முறை இரண்டு பாதியிலும் தண்டு உள்ளதாக.