டெலிகன்வர்ட்டர் அடாப்டருக்கு முன்னாலா, பின்னாலா?

பழைய 300 மி.மீ. லென்ஸ் ஒன்றை, வேறு வகை லென்ஸையும் பொருத்த உதவும் இணைப்புக் குழாயான அடாப்டரைப் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டியவருக்கு அடுத்து வரும் ஆசை, உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸான டெலிகன்வர்ட்டர்தான். மீன்கொத்தி இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று தோன்றும். 1.4 மடங்கு போட்டால் 300 என்பது 420 ஆகும், ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும். 2 மடங்கு போட்டால் 600, போவது இரண்டு ஸ்டாப். இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கன்வர்ட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். லென்ஸுக்கும் அடாப்டருக்கும் நடுவில் வைக்கலாம். அடாப்டருக்கும் கேமராவுக்கும் நடுவிலும் வைக்கலாம். இவை போதாதென்று கன்வர்ட்டரின் பயோனெட்டையே (சுழற்றிப் பூட்டும் பற்கள் உள்ள வளையம்) அரத்தால் தேய்ப்பவர்களும், லென்ஸ் பொருந்தும் வாயான மவுண்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

முதல் வழியில் வெட்டு, தேய்ப்பு எதுவும் கிடையாது. லென்ஸ் எந்தக் குடும்பமோ அதே குடும்பத்தின் கன்வர்ட்டரை வாங்கி லென்ஸோடு பூட்டி, அதன் பின்னால் அடாப்டரைப் போடுகிறோம். கேனான் எஃப்டி லென்ஸ் என்றால் 1.4 மடங்கு ஏ எக்ஸ்டெண்டர் (கேனான் தன் கன்வர்ட்டருக்கு வைத்த பெயர்). 2 மடங்கில் இரண்டு வகை உண்டு: ஏ என்பது 300 மி.மீ. முதல் மேலே உள்ள டெலி லென்ஸ்களுக்கு, பி என்பது அதற்குக் குறைந்தவற்றுக்கு. நிக்கானில் டிசி-14ஏ சிறிய லென்ஸ்களுக்கானது. 300 மி.மீ. முதல் மேலே என்றால் டிசி-14பி. லென்ஸின் ஒளித்துளையான அப்பெர்ச்சரை நகர்த்தும் நெம்புகோல்கள் கன்வர்ட்டர் வழியாகவே போவதால் லென்ஸில் இருக்கும் வளையம் வழக்கம்போல வேலை செய்யும்.

இந்த வழிக்கு இன்னொரு பலம் உண்டு. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. மலிவு அடாப்டர்களின் தடிமன் சரியாக இருப்பதில்லை, 0.1, 0.2 மி.மீ. கூடும், குறையும். கன்வர்ட்டர் உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, ஆழ வாக்கில் அதன் வர்க்கத்துக்குப் பக்கமாக நீட்டுகிறது. 1.4 மடங்குக்கு ஏறக்குறைய 2, 2 மடங்குக்கு 4. அடாப்டர் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருந்தால் இந்தக் கணக்கு நமக்குச் சாதகம். அடாப்டரில் 0.2 மி.மீ. பிழை இருந்தாலும் 2 மடங்கு கன்வர்ட்டரைத் தாண்டி லென்ஸின் ஃபோகஸுக்கு அது 0.05 மி.மீ. பிழையாகத்தான் போய்ச் சேரும். அதே அடாப்டர் முன்னால் இருந்தால் 0.2 மி.மீ. பிழை அப்படியே லென்ஸின் தலையில் விழும். 300 மி.மீ. லென்ஸ் 0.2 மி.மீ. முன்னே தள்ளி நின்றால் ஏறக்குறைய 450 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் எட்டாது. நிலாவை எடுக்க நினைத்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். பல டெலி லென்ஸ்கள் இன்ஃபினிட்டி (முடிவிலாத் தொலைவு) குறியைத் தாண்டியும் கொஞ்சம் சுழலும் என்பதால் நடைமுறையில் தப்பித்துவிடுகிறோம். ஆனாலும் லென்ஸ் பக்கத்து இணைப்பு துல்லியமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நிறுவனம் செய்த லென்ஸும் கன்வர்ட்டரும் அங்கே சேர்வதுதான் நல்லது.

சரி, அப்படியானால் இரண்டாவது வழியை ஏன் பேச வேண்டும்? அலமாரியில் ஒரு எஃப்டி, ஒரு நிக்கான், ஒரு ஒலிம்பஸ் ஓஎம் என்று மூன்று குடும்பத்து லென்ஸ்கள் இருந்தால் மூன்று கன்வர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். அடாப்டருக்குப் பின்னால், கேமராவின் சொந்த மவுண்டில் ஒன்றைப் போட்டுவிட்டால் அது எல்லா லென்ஸுக்கும் பொது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமரா வைத்திருப்பவர்கள் ஒலிம்பஸின் 1.4 மடங்கு கன்வர்ட்டரான எம்சி-14-ஐ இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடியும் பூச்சும் புதியவை. வெளிச்சம் எதிரே இருக்கும்போது பழைய கன்வர்ட்டரை விடத் தெளிவு கூடுதலாகக் கிடைக்கும்.

தடை ஒன்றுதான். இந்தக் கன்வர்ட்டர்களின் முன் கண்ணாடி மவுண்டை விட்டு வெளியே மூக்கு போலத் துருத்திக்கொண்டிருக்கும். சாதாரண லென்ஸின் பின்பக்கத்தில் அதற்கு இடம் இருக்காது. அடாப்டரில் இடம் உண்டு. நிக்கான் எஃப் மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25 மி.மீ. நடுவில் உள்ள 27.25 மி.மீ. நீளமும் வெறும் குழாய். மூக்கு தாராளமாக உள்ளே போகலாம். வழியை மறிப்பது அடாப்டரின் பின்வாயில் இருக்கும் குறுகிய தடுப்பு வளையம் மட்டுமே.

அதனால் வெட்டு விழ வேண்டியது அடாப்டரில். கன்வர்ட்டரில் கை வைக்க வேண்டியதில்லை. சில அடாப்டர்களில் அந்தத் தடுப்பு சின்னத் திருகுகளால் பூட்டப்பட்டிருக்கும், கழற்றினால் முடிந்தது. வார்ப்போடு ஒன்றாக இருந்தால் சுழல் கருவியாலோ அரைவட்ட அரத்தாலோ உள்விட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். முதலில் வெர்னியர் காலிப்பரால் மூக்கின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து கொள்ளுங்கள். அப்புறம் பட்டாணி அளவு விளையாட்டுக் களிமண்ணை மூன்று இடத்தில், மூக்கைச் சுற்றியுள்ள உலோக விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். கண்ணாடியில் படவே கூடாது. அடாப்டரை மெதுவாகச் சுழற்றிப் பூட்டிக் கழற்றுங்கள். களிமண் நசுங்கி எவ்வளவு மீதி நிற்கிறதோ அதுதான் உங்களுக்குள்ள இடைவெளி. மூன்றில் ஒன்று மட்டும் காகிதம்போல் ஆகியிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் தேய்க்க வேண்டும். நான் 1 மி.மீ.க்குக் குறைவாக விடுவதில்லை. கனமான லென்ஸின் எடையில் மவுண்ட் கொஞ்சம் அசையும்.

தேய்த்து முடித்ததும் பளபளவென்று ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். முதல் தடவை நான் விட்டேன். வானத்தை நோக்கி எடுத்த படமெல்லாம் நடுவில் வெளிறிப்போய் இருந்தது. மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ட் ஒரு பூச்சு அடித்த பிறகுதான் கான்ட்ராஸ்ட் திரும்பியது.

மூன்றாவது வழி, கன்வர்ட்டரின் பயோனெட்டைத் தேய்ப்பது. நிக்கானின் டிசி-14ஈ, டிசி-20ஈ வகைகளின் முன் பயோனெட்டில் கூடுதலாக ஒரு சின்னப் பல் இருக்கும். உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-ஐ லென்ஸ்களில்தான் அதற்கான பள்ளம் உண்டு. அந்தப் பல்லைத் தேய்த்துவிட்டால் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஏஐ, ஏஐ-எஸ் டெலி லென்ஸும் மாட்டும். வேலை பத்து நிமிடம்தான். கண்ணாடியை மாஸ்கிங் டேப்பால் முழுக்க மூடி, கன்வர்ட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஊசி அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். தூள் கீழே விழட்டும், ஊதிவிடக் கூடாது. ஆனால் அந்தப் பல் ஒரு காவல்காரன். அது போன பிறகு, பின் கண்ணாடி வாய் வரை இருக்கும் 50 மி.மீ. லென்ஸையும் யாராவது மாட்டப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடியும் மோதிக்கொள்ளும். ஏற்கெனவே கையில் இந்தக் கன்வர்ட்டர் இருந்தால் செய்யலாம். இதற்கென்று வாங்கித் தேய்ப்பதை நான் செய்ய மாட்டேன், டிசி-14பி இருக்கிறதே.

மவுண்டையே மாற்றுவது எனக்குக் கடைசி வழி. ஃபிளேன்ஜ் தூரம், அதாவது மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள இடைவெளி, இங்கே இரக்கம் காட்டாது. எம்42 என்ற திருகு மவுண்ட் லென்ஸுக்கு 45.46 மி.மீ., நிக்கானுக்கு 46.5. நிக்கான் கன்வர்ட்டரின் முன்னால் எம்42 வளையம் வைத்தால் 1.04 மி.மீ. உள்ளே இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் 300 மி.மீ. லென்ஸ் 87 மீட்டரைத் தாண்டாது. கேனான் எஃப்டியின் 42 மி.மீ. என்றால் 4.5 மி.மீ. இறக்க வேண்டும். கடைசல் இயந்திரம் இல்லாமல் வீட்டு மேசையில் நடக்கிற காரியம் இல்லை இது. திசை மாறினால் சுலபம்: எஃப்டி கன்வர்ட்டரில் நிக்கான் லென்ஸ் போட 4.5 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் சேர்த்தால் போதும்.

இதெல்லாம் எதற்கு, படத்தை வெட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்கு அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 12. லென்ஸ் கூர்மையாக இருந்தால் கன்வர்ட்டர் சிறகின் நுணுக்கத்தைக் கூடுதலாகத் தரும். லென்ஸே மந்தமாக இருந்தால் அந்த மந்தத்தைத்தான் பெரிதாக்கும்.

ஒரே குடும்பத்து லென்ஸ் வைத்திருப்பவர் முதல் வழியிலேயே போகட்டும். பல குடும்பம் சேர்த்தவர் ஒரு மலிவு அடாப்டரை வாங்கி அதன் வாயைப் பெரிதாக்கட்டும். தவறினாலும் போவது அடாப்டர் மட்டும். எதைச் செய்தாலும் மூன்று பயோனெட் இணைப்புகள் வரிசையாக நிற்கும் என்பதால் எடையைக் கேமராவில் தொங்கவிடாமல் லென்ஸைச் சுற்றியுள்ள டிரைபாட் காலரில் தாங்குங்கள். அப்புறம், கேமராவில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசேஷன் மெனுவில் 300 என்று இருப்பதை, 1.4 மடங்கு போட்டிருந்தால், 420 என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். பூட்டிப் பார்த்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.