ஒரே பாட்டிலில் பித்தக்கல்லும் கிட்னிக் கல்லுமா? 8,400 ரூபாய் போச்சு

முந்தாநாள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் எதிரில் கிடக்கிறது. அம்மாவின் பித்தப்பையில் 14 மி.மீ. கல். போன மாதம் இருந்த அதே கல், அதே இடம். கரைந்தது எங்கள் 8,400 ரூபாய் மட்டும்தான்.

பணம் போனது சேலத்தில் ஒரு மாடியில் நடக்கிற 'நச்சு நீக்க' நிலையத்துக்கு. ஏற்காட்டு மூலிகை என்று சொல்லி ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு பொட்டலம் உப்பு, எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். குடித்தால் பித்தக்கல், கிட்னிக் கல் ரெண்டுமே ஒரே ராத்திரியில் மலத்தோடு வந்துவிடுமாம். இதைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குக் குடலோடு குழாய் உண்டு, சரி. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் குழாயே கிடையாது. குடித்தது குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் சிறுநீரகத்துக்குப் போகும். அங்கிருக்கும் கல் 25–30 செ.மீ. நீளம், 3–4 மி.மீ. அகலமுள்ள சிறுநீர்க்குழாயில் இறங்கி மூத்திரத்தில்தான் வர முடியும். மலத்தில் எப்படி வரும்?

ஏமாந்தது காலையில். "பாருங்கம்மா, எத்தனை கல்லு!" என்றார் நிலையத்து ஆள். மலத்தை அலசிய வடிகட்டியில் பட்டாணி அளவு முதல் நெல்லிக்காய் அளவு வரை பச்சைப் பச்சையாய் இருபது முப்பது உருண்டை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பாக்கிப் பணம் அந்த நிமிஷமே ஜிபேயில் போனது. மொத்தம் 8,400.

அது கல்லே இல்லை, சோப்பு. எண்ணெயைக் குடலிலுள்ள லைபேஸ் என்ற செரிமான நொதி உடைக்கிறது. வருகிற கொழுப்பு அமிலம் உப்போடு சேர்ந்து மெழுகு மாதிரி உருளுகிறது, பித்தம் பச்சை நிறம் ஏற்றுகிறது. கல்லே இல்லாத ஆள் குடித்தாலும் இதேதான் வரும். வெந்நீரில் போட்டுப் பாருங்கள், உருகிவிடும். நிஜப் பித்தக்கல் உருகாது. அதோடு பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயான பொதுப் பித்தநாளத்தின் அகலம் சுமார் 6 மி.மீ. நெல்லிக்காய் அதில் நுழையுமா?

அந்த 'மூலிகை உப்பு' வெறும் பேதி உப்பு, மெக்னீசியம் சல்பேட். குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியாக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், இதயத் துடிப்பே தடுமாறும். எண்ணெயும் சும்மா இல்லை. கொழுப்பு சிறுகுடலில் இறங்கியதும் பித்தப்பை இறுகிச் சுருங்கும். சின்னக் கல் இருந்தால் நாளத்தில் போய் அடைத்து மஞ்சள் காமாலை வரலாம். கணையத்தின் நாளமும் அங்கேதான் வந்து சேர்கிறது, அது அடைபட்டுக் கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை.

ரிப்போர்ட்டை நீட்டினால், "மோர் சாப்பிட்டீங்களா? அதான்" என்றார்கள். அடுத்த தடவை, "ரெண்டாவது கோர்ஸ் எடுக்கணும், 20% தள்ளுபடி தர்றோம்." அப்புறம், "சார் வெளியூர் போயிருக்கார்." இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 8,400 ரூபாய்க்கு நீல டிக்!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் வரவில்லை. வடிகட்டியைக் காட்டினால் நம்பாதீர்கள், ஸ்கேனை மட்டும் நம்புங்கள். வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், கண் மஞ்சள், மூத்திரம் அடைப்பு, இதில் எது வந்தாலும் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வலி நின்றதால் கிட்னிக் கல் போய்விட்டதென்று இருந்துவிடாதீர்கள், அடைப்பு வலியில்லாமலும் இருக்கும். பணம் கட்டும் முன் பில்லைப் படியுங்கள். எங்கள் பில்லில் மருந்து என்று இல்லை, 'உணவுப் பொருள்' என்றுதான் போட்டிருக்கிறது.