தூளா, பைக்கற்றா, முழுச்சரக்கா: எந்த நாட்டுக்கு எது?

ஓகஸ்ட் லீவுக்கு வந்தவர்கள் திரும்பும் கிழமையில் கிளிநொச்சி மில் எதிலும் தும்மாமல் நிற்க முடியாது. எல்லாரும் கறித்தூள் திரிக்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நாட்டுக்குப் போவதில்லை.

லண்டன், பாரிஸ், ரொறன்ரோ போகிறவர்களுக்கு வீட்டுத்தூள்தான் என் தெரிவு. காய்ந்த மசாலாவைச் சொந்தப் பாவனைக்கு என்றால் அங்கே பொதுவாக விடுகிறார்கள். மல்லி பொன்னிறமாகி, கறிவேப்பிலை கையில் நொறுங்கும் வரை வறுக்க வேண்டும். மில்லிலிருந்து வந்த தூளைச் சூட்டோடு கட்டக்கூடாது. பேப்பரில் பரப்பி ஆறவிடாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டிபடும். இரண்டு பையில் போட்டு, ஒட்டி, போகும் நாட்டு மொழியில் பெயர் எழுதிப் பெரிய பெட்டியில் வையுங்கள். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலீற்றருக்கு மேல் தூளைக் கைப்பையில் வைத்தால் மறிக்கலாம்.

பச்சைக் கறிவேப்பிலை மட்டும் எங்கும் வேண்டாம். அது எலுமிச்சைக் குடும்பம். தோடை மரங்களை அழிக்கும் நோயைக் காவும் பூச்சி அந்த இலையில் தங்கும் என்று பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தடுக்கின்றன. வறுத்துத் தூளோடு சேர்த்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. மோர் மிளகாயும் ஐரோப்பாவுக்கு இழுபறிதான். அதில் தயிர் இருக்கிறதே, பால் சாமான் பறிபோகும்.

அவுஸ்திரேலியா வேறு கதை. தானியக் களஞ்சியங்களைத் தின்னும் கப்ரா வண்டுக்குப் பயந்து 2020 ஒக்டோபரிலிருந்து செத்தல் மிளகாய், முழு மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம் எல்லாவற்றையும் பயணப் பெட்டியில் தடுத்துவிட்டார்கள். தபாலில் அனுப்பினாலும் அதே தடை. ஆகவே "கொண்டுபோனால்தானே பிரச்சினை, பார்சல் போடுவோம்" என்ற யோசனை செல்லாது. வன்னிச் செத்தலை எவ்வளவு ஆசையாய்க் காயவைத்தாலும் சிட்னிக்கு முழுதாகப் போகாது.

அங்கே போகிறவர்கள் கடையில் சீல் பண்ணிய, தயாரிப்பாளர் பெயர் போட்ட தூள் பைக்கற்றை எடுங்கள். ருசியில் வீட்டுத்தூளுக்குக் கிட்டவும் நிற்காது, உண்மைதான். ஆனால் அதிகாரிக்கு லேபலில் வாசிக்க ஏதாவது இருக்கும். எதை எடுத்தாலும் பயணி அட்டையில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் மிஞ்சிப்போனால் பறிப்பார்கள். ஒளித்தால் தண்டம், தற்காலிக விசாவில் இருப்பவருக்கு விசாவே போகலாம்.

தூதுவளை, ஆடாதோடை போன்ற காய்ந்த மூலிகை இலைகளைப் பேர் எழுதாமல் கண்ணாடிப் பையில் கட்டிக் கொடுக்கும் அம்மாக்களை என்ன செய்வது? எந்த விமான நிலையத்திலும் கேள்வி வரும். மருந்துக்கடைப் பொட்டலமாக, பெயர் அச்சடித்தது கிடைத்தால் அதையே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். அங்கே அது மசாலா இல்லை, போதைப்பொருள் கணக்கு.