கட்டடின் பவர்சர்வைவர் 40ஈ வாட்டர்மேக்கர்: இரண்டு பேருக்குச் சரி, நான்கு பேருக்குப் பத்தாது

அட்லாண்டிக்கைக் கடந்து, கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு ஏறக்குறைய 2,700 கடல் மைல். சிறிய பாய்மரப் படகில் சுமார் மூன்று வாரப் பயணம். குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர் என்றாலே இருவருக்கு 168 லிட்டர் வேண்டும். பாத்திரம் கழுவுவதெல்லாம் கடல் தண்ணீரில்தான்.

கடல்நீரை நன்னீராக்கும் இந்த மெஷின் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுத்து, மணிக்குச் சுமார் 5.7 லிட்டர் நன்னீர் தரும். தினமும் 10 லிட்டர் எடுக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். செலவு 7 ஆம்பியர்-மணி. நிழல் விழாத 100 வாட் சோலார் பேனல் ஒன்றே இதைத் தாங்கும். மெம்பிரேனுக்குள் (உப்பைத் தடுத்து நன்னீரை மட்டும் விடும் சவ்வு) புகாமல் வெளியேறும் உப்புநீரின் அழுத்தத்தை வீணாக்காமல் பிஸ்டனைத் தள்ளவே திருப்பிவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சமாவது அதனால்தான். உள்ளே போகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குதான் நன்னீராகும், மீதி கடலுக்கே போய்விடும். பிஸ்டன் சத்தம் விடாமல் கேட்கும் என்பதால் படுக்கைக்கு அடியில் பொருத்தாதீர்கள்.

மெஷின் தரும் தண்ணீர் குறைந்தால் உடனே மெம்பிரேனைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் காற்றைத் தேடுங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) மணல் ஒட்டியிருக்கும். ஃபில்டர் கிண்ணத்தில் குமிழிகள் ஓடினால் காரணம் அதுதான். கடல்நீர் எடுக்கும் துளை பக்கவாட்டில் உயரமாக இருந்தாலும் இதே கதை: படகு சாயும்போது துளை தண்ணீரைவிட்டு மேலே வந்து காற்றை இழுக்கும். துளையை எவ்வளவு ஆழத்தில் வைக்க முடியுமோ வையுங்கள். பம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சொட்டினால் பிஸ்டன் சீல் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவைத்தால் உப்பு உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். சீல் கிட் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

மெம்பிரேனைக் கொல்பவை இரண்டு: எண்ணெய், குளோரின். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் மெஷினை ஓட்டவே கூடாது. மெம்பிரேனைக் கழுவுவதற்குக் கரையின் குழாய்த் தண்ணீரைவிட மெஷினே தந்த தண்ணீர் நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதென்றால் பயோசைட் (கிருமிக்கொல்லி) பவுடரைக் கரைத்து உள்ளே ஏற்றிவிடுங்கள். வெப்பக் கடலில் அதற்கும் முன்பே. இல்லையென்றால் அழுகிய முட்டை நாற்றம்தான் வரும்.

பேட்டரி செத்தால் கைப்பிடி மாட்டிக் கையால் இயக்கலாம். வாங்குவதற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் மோட்டாரைக் கழற்றும் போல்ட்டுகளைக் கரையிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஆடும் படகில் அது கற்றுக்கொள்ளும் வேலை அல்ல.

நான்கு பேர் போனால் தினம் மூன்று மணி நேரம் ஓட்டவேண்டிவரும். பெரிய மெஷினைப் பாருங்கள். யார் வாங்கினாலும் முதல் சில நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 500 பிபிஎம்முக்குக் கீழே வந்த பிறகே டேங்குக்குத் திருப்புங்கள். குறைந்தது 80 லிட்டரைத் தனிக் கேன்களில் தொடாமல் வைத்திருங்கள். ஒருநாள் மெம்பிரேன் கிழிந்து டேங்க் முழுக்க உப்பானாலும் அந்தக் கேன்கள் தப்பும்.