சர்ரி மலைக் காட்டில் இரவுச் சைக்கிள் சவாரி: ஆறு வாரம் போய்வந்ததில்

இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி வைத்துவிட்டால், அதன் பிறகு வேலை முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். வார நாளில் காட்டுப் பாதையில் சைக்கிள் மிதிக்க ஆசைப்படும் லண்டன்வாசிக்கு மார்ச் வரை இரவை விட்டால் வேறு நேரமில்லை. அப்படித்தான் லண்டனுக்கு அருகிலுள்ள சர்ரி மலைப்பகுதியின் உள்ளூர்ச் சைக்கிள் சங்கம் ஒன்று செவ்வாய்தோறும் நடத்தும் இரவுச் சவாரியில் சேர்ந்தேன். குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் சங்கத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பீஸ்லேக் கிராமத்தை ஒட்டிய வாக்கிங் பாட்டம் வண்டி நிறுத்துமிடத்தில் ஏழு மணிக்குக் கூடுகிறார்கள். கார் இல்லாதவர்கள் கோம்ஷல் ரயில் நிலையத்தில் இறங்கி சில கிலோமீட்டர் மிதித்து வந்துவிடலாம். சுற்றியுள்ள ஹர்ட்வுட் காடு தனியார் நிலம்தான் என்றாலும், 1926-இல் அதன் உரிமையாளர் ரெஜினால்ட் பிரே, மக்கள் காற்று வாங்கவும் உடற்பயிற்சி செய்யவும் அங்கே உலவலாம் என்று உரிமை எழுதிக் கொடுத்திருக்கிறார். குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நடந்து வருபவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். இந்த ஒழுங்கைச் சங்கம் கறாராகக் கடைப்பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. எதிரே ஆள் வந்தால் முன்னால் போகிறவர் குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் வேகத்தைக் குறைத்து, தலைக்கவச விளக்கைத் தணித்துவிட வேண்டும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் இவர்களுக்கு நல்ல அனுபவம் தெரிகிறது. வடக்கே இருக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் மழைக்காலத்தில் சோப்புக் கட்டியைப் போல வழுக்கும். தெற்கே சமவெளியில் களிமண் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. இடையில் இருக்கும் ஹோம்பரி குன்றும் பிட்ச் குன்றும் மணற்பாறையாலானவை என்பதால் மழைநீர் விரைவில் இறங்கிவிடுகிறது. ஆகவே குளிர்காலம் முழுவதும் இந்த இரண்டு குன்றுகளை விட்டு அதிகம் விலகுவதில்லை. 261 மீட்டர் உயரமுள்ள ஹோம்பரி உச்சியில் ஐந்து நிமிடம் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு நிற்பது இவர்களுடைய வழக்கம். கீழே ஊர்களின் வெளிச்சம் சிதறிக் கிடக்கும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு மட்டும் கேட்கும்.

விளக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வாரம் ஹேண்டில்பாரில் மட்டும் ஒரு விளக்கோடு போனேன். அது தாழ்வாக இருப்பதால் ஒவ்வொரு வேருக்கும் கல்லுக்கும் நீண்ட நிழல் விழுந்து மேடுபள்ளம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் வளைவில் திரும்பும்போது விளக்கு மரத்தைக் காட்ட, நான் போக வேண்டிய பாதை இருட்டில் இருந்தது. சங்கத்தார் தலைக்கவசத்தில் மாட்டும் விளக்கொன்றை இரவலாகக் கொடுத்த பிறகுதான் கண் போகும் இடமெல்லாம் வெளிச்சமும் போயிற்று. அது மட்டும் இருந்தாலும் போதாது, ஏனென்றால் ஒளி கண்ணுக்கு அருகிலிருந்தே புறப்படுவதால் நிழல் மறைந்து பள்ளமும் தரையாகத் தெரியும், இரண்டும் வேண்டும். பின்சக்கரத்தில் டைனமோ உரச, வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கிப்போகும் சைக்கிளில் ஊரில் டியூஷன் போய்வந்த எனக்கு, ஏற்றத்தில் நின்றுவிட்ட பிறகும் விளக்கு எரிவதே ஒரு சலுகையாகப் பட்டது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, இறக்கத்துக்குச் சேமித்து வைப்பதே எல்லோரும் செய்வது.

பன்னிரண்டு பேர் வரை வருகிறார்கள். முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் சிவப்புப் பின்விளக்கோடு ஒருவர். பாதை பிரியும் இடத்தில் முன்னவர் தமக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். கடைசி ஆள் வந்து சேரும்வரை அவர் அங்கேயே நின்று வழிகாட்ட வேண்டும். முறை நல்ல முறைதான். நான்காவது வாரம் ஒருவருடைய செயின் அறுந்து, கடைசி ஆள் அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, திருப்பத்தில் நின்றவர் எல்லோரும் போய்விட்டதாக எண்ணிக் கிளம்பிவிட்டார். பின்தங்கி வந்த நானும் இன்னொரு புதியவரும் முச்சந்தி ஒன்றில், போனில் சிக்னலும் இல்லாமல், கால்மணி நேரம் நின்றோம். புதருக்குள் இரண்டு பச்சைக் கண்கள் மின்னின. மான்தான் என்று தெரிந்தும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. கடைசி ஆள் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அமைப்பாளரோ, வழியை முன்பே வரைபடத்தில் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார். புதியவர்களை வரவேற்கிறோம் என்று அழைத்துவிட்டு இப்படிப் பேசுவது சரியில்லை. ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் தலையெண்ணினால் தீரக்கூடிய பிரச்சினை இது. அடுத்த வாரம் எண்ணினார்கள். அதற்கடுத்த வாரம் மறந்துவிட்டார்கள்.

அறிவிப்பில் உள்ள ‘நடுத்தர வேகம்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்றத்தில் பேசிக்கொண்டே மிதிக்க முடியாதவருக்கு இது வேகமான சவாரிதான். பகலில் இதே பாதைகளை இரண்டொரு முறை ஓட்டிப் பார்த்தவர்கள் தாராளமாகச் சேரலாம். மவுண்டன் பைக் வாங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது என்பவர்கள் வசந்தம்வரை பொறுத்திருப்பது நல்லது.

முதல் இரண்டு வாரத்துக்குக் கட்டணமில்லை, அதன் பிறகு ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள். இரவல் விளக்கு வேண்டுமென்றால் திங்கட்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள். அவர்களிடம் இருப்பது மூன்றுதான், அதில் ஒன்றின் கொக்கி உடைந்து டேப் சுற்றியிருக்கிறது.